முக்காடு போட்ட காசு

ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் தரையில் ரூபாய் அளவுக்கு வட்டமாகக் கிடந்தது. அது ஊர்ந்து போய் உரலைத் தொடுவதற்குள் அண்ணா வந்துவிட வேண்டும். வந்துவிடுவான். நாகநாத அண்ணா சொன்னால் சொன்னதுதான். தஞ்சாவூர்க் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா, துரைக்கு முன்னால் நின்று இங்கிலீஷ் பேசுகிறவன், அவனுக்கு இந்த மாமனார் எம்மாத்திரம்? கார்டில்தான் எழுதியிருக்கிறானே, சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், நான் வந்து பேசுகிற வரைக்கும் தையல்நாயகியின் தலையில் கத்தி படக்கூடாது என்று. மாமனார் அதைக் கூடத்தில் உரக்கப் படித்தார். அப்புறம், "சரி, காலை வண்டி வரட்டும். பையன் வந்து என் மூஞ்சிக்கு நேரே சொல்லட்டும். வரல்லேன்னா நடக்கவேண்டியது நடக்கும்" என்றார். அது நேற்று. நேற்றுச் சாயங்காலம் தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள், கை கொள்ளாமல் வளையல் அடுக்கினார்கள், தெருவிலுள்ள பொம்மனாட்டிகள் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இன்றைக்கு விடிகாலையில் தாலியறுத்த அத்தை ஒருத்தி வந்து தட்டி எழுப்பி, தானும் அழுதுகொண்டே, கழுத்தில் இருந்ததைக் கழற்றினாள். பூ போச்சு, வளையல் போச்சு, குங்குமம் போச்சு. பாக்கி இருப்பது மயிர் ஒன்றுதான். தையு அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு நெல் குதிருக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள், யாரோ கைக்குழந்தையை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல. பாவி, கட்டினவன் போய்ப் பத்து நாள்கூட முழுசாக ஆகவில்லை, உனக்கு மயிர்க் கவலையா என்று ஒரு மனசு கேட்டது. ஆமாம், மயிர்க் கவலைதான், என்ன பண்ணச் சொல்கிறாய் என்றது இன்னொன்று. அவரை நினைத்து அழுதால் அழுகை பாதியில் தடம் மாறிப் பின்னலுக்குப் போய்விடுகிறது. பின்னலை நினைத்து அழுதால் அவர் வந்துவிடுகிறார். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, எதற்கு அழுகிறோம் என்றே தெரியாமல் போய்விட்டது. வெயில் உரலுக்கு இன்னும் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

ஒரு முழமா? ஒரு சாண்தானோ? சாண் என்றதும் அவர் கை வந்து நின்றது. கும்பகோணம் காலேஜிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வருவார். விளக்கடியில் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிற பாவனை. மாமியார் அடுக்களையை ஒழித்துவிட்டுப் படுக்கப் போன பிறகு, "இங்கே வா" என்று பின்னலைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளப்பார். "நாலரைச் சாண். போன மாசத்துக்கு அரைச் சாண் கூட. விக்டோரியா மகாராணிக்குக்கூட இவ்வளவு கிடையாது, தெரியுமோ?" அவருக்குப் பரீட்சைக்கு ராணியின் சரித்திரம் பாடம். அதனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் ராணிதான். ரசம் காரமாக இருந்தால் ராணி இதைச் சாப்பிட்டால் என்ன ஆவாள் என்பார். ராணிக்குப் பதினெட்டு வயசாம், விடிகாலை ஆறு மணியாம், தூங்குகிறவளைத் தாயார் எழுப்புகிறாளாம், தலைமயிர் தோளில் அவிழ்ந்து கிடக்க அப்படியே எழுந்து வருகிறாளாம். வாசலில் இரண்டு பெரிய மனுஷர்கள் காத்திருக்கிறார்கள், இவளைப் பார்த்ததும் மண்டி போடுகிறார்கள், அம்மணி, ராஜா போய்விட்டார், இனிமேல் நீங்கள்தான் ராணி என்கிறார்கள். தலைகூட வாரிக்கொள்ளாமலா என்று தையு கேட்டாள். அதுதான் கேள்வியா என்று அவர் அப்படிச் சிரித்தார். எனக்கும் பதினெட்டு வயசுதான். என்னையும் விடிகாலையில்தான் எழுப்பினார்கள். நானும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டுதான் எழுந்து வந்தேன். ஏன் இப்படியெல்லாம் தோன்றுகிறது? எந்த ராணி, எந்த தையு? மலைக்கும் மடுவுக்கும் முடிச்சுப் போடுகிற புத்தி. ஆனால் அவர் போட்ட முடிச்சு அது. அவிழ்க்க மாட்டேன். ராணிக்கு ஒன்பது குழந்தைகள். நாற்பத்திரண்டு வயசில் அறுத்துவிட்டாள். அன்றைக்கு உடுத்தின கறுப்பை நாற்பது வருஷமாய் மாற்றவில்லையாம். ஆம்படையானின் அறையை அப்படியே வைத்திருந்தாளாம், தினமும் மாற்று உடுப்பு எடுத்து வைத்து, வெந்நீர் கொண்டுவந்து வைத்து, நாற்பது வருஷம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "நான் போயிட்டா நீ வெந்நீர் வைப்பியோ?" என்றார். தையு அவர் வாயைப் பொத்தினாள். வாயைப் பொத்தி என்ன? போய்விட்டார். போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் ஜுரத்தில் பிதற்றிக்கொண்டு கிடந்தவர் தெருவில் தண்டோராச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து, என்ன என்றார். மகாராணி போயிட்டாளாம் என்றாள். "அடடா, பரீட்சைக்கு வருமே" என்றார். அதுதான் கடைசி. வியாழக்கிழமை விடியும்போது வார்த்தை நின்றுவிட்டது, வெயில் ஏறுவதற்குள் மூச்சும் நின்றுவிட்டது. அவருடைய வேஷ்டி, சட்டை, புஸ்தகம், பாதக்குறடு எல்லாவற்றையும் யார் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். எதை எடுத்து வைப்பது? வெந்நீரை எங்கே வைப்பது?

கொல்லையில் சாணைக்கல்லில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. இல்லை, மாடு முளைக்குச்சியில் கொம்பை உரசுகிற சத்தம். இல்லை, கத்திதான். நாவிதன் வீராசாமி பொழுது புலரும்போதே வந்துவிட்டான், கிணற்றடியில் குந்தியிருக்கிறான். அவனோடு மாமனார் பேசுவது சுவரைத் தாண்டி வந்தது. "சாமி, இன்னைக்கு ராணியம்மாவுக்குச் சாவு எடுக்குறாங்களாம். கடை கண்ணி எதுவும் தொறக்கக் கூடாதுன்னு தண்டோராப் போட்டிருக்கு. கத்தியத் தொடலாங்களா?" தையு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இது அவள் எதிர்பார்க்காத திசை. அண்ணா வராவிட்டால்கூட ராணி காப்பாற்றுவாளோ? செத்தும் கொடுத்தாள் என்பார்களே. மாமனார் சொன்னார்: "கடையைத்தான் அடைக்கச் சொன்னான். இது வியாபாரமாடா? கர்மா." "அதுக்கில்லீங்க. காலமேருந்து கீழத்தெரு ஆளுங்க வந்து தொணப்புறாங்க. ராசா செத்தா குடிபடைங்க மொட்டை போடுறது வழக்கம்தானே, இந்தப் பக்கத்துல மராட்டி ராசா போனப்ப எங்க பாட்டன் மூணு நாளு கத்தியக் கீழ வைக்கலியாம், இப்ப ராணிக்கும் ஆம்பளைங்க எல்லாம் மொட்டை போடணும்னு சர்க்கார் உத்தரவு வந்திருக்குன்னு யாரோ கெளப்பி விட்டுட்டானுங்க. ஒருத்தன் மீசையைக் கையில பொத்திக்கிட்டு வந்து நிக்கிறான் சாமி, இன்னும் ஒரு மாசத்துல அவனுக்குக் கலியாணமாம்!" மாமனார்கூடச் சிரித்துவிட்டார். பத்து நாளில் முதல் சிரிப்பு. "முன்சீப்பைக் கேட்டியோ?" "கேட்டேங்க. துரைங்க யார் மசுரையும் கேக்கல, போய்ப் பொழைப்பப் பாருங்கடான்னு வெரட்டிவுட்டாரு." இருட்டில் தையுவுக்கும் சிரிப்பு முட்டியது, பெரிய பாவம், வாய்க்குள் புடவையைத் திணித்துக்கொண்டாள். சிரிப்பு தொண்டையிலேயே வேறு என்னவோ ஆயிற்று. யார் மயிரையும் கேட்கவில்லை. அறுபத்து மூன்று வருஷம் ஆண்டவள் போனதற்கு இந்த ஊரில் ஒருத்தன் மீசைகூடப் போகப் போவதில்லை. தமுக்கு அடித்துச் சொன்னால் பூமி முழுக்கக் கடை அடைக்கிறது, அவ்வளவுதான். இருபத்தோரு வயசில், பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு, எழுதாமல் போனவனுக்கு நாலரைச் சாண்.

ரயில் ஊதிற்று. தூரத்தில், மாந்தோப்புக்கு அந்தண்டை. தையு எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள்? உட்கார்ந்தாள். இதோ இறங்கியிருப்பான். கையில் குடை, தோளில் பட்டுக்கரை அங்கவஸ்திரம், காலில் பூட்ஸ். ஸ்டேஷனிலிருந்து தோப்பு, தோப்பிலிருந்து வாய்க்கால் பாலம், பாலத்தில் கொஞ்சம் நிற்பான், அவனுக்கு இளைப்பு உண்டு, நிற்காதே அண்ணா, இன்றைக்கு மட்டும் நிற்காதே. பாலத்திலிருந்து பிள்ளையார் கோவில், குளக்கரை, தெருக்கோடி. வெயில் உரலடிக்கு வந்துவிட்டது. உரலை நகர்த்தி வைத்தால் என்ன? பைத்தியம். கல் உரல், நாலு ஆள் வேண்டும். நகர்த்தினால் சூரியன் நின்றுவிடுமா? அண்ணா வந்து என்ன பேசுவான்? அவனுக்குத்தான் பேசத் தெரியுமே. சின்ன வயசிலேயே அப்பா முன்னால் நின்று, தையுவுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடு, இல்லாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன் என்று இரண்டு வேளை பட்டினி கிடந்தவன். மூன்றாவது வேளை? மூன்றாவது வேளை சாப்பிட்டுவிட்டான். அது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது? அன்றைக்கு அம்மா அப்பளம் பொரித்திருந்தாள், வாசனை வந்தது, குழந்தைதானே, சாப்பிட்டுவிட்டான். அப்புறம் அவனே திருட்டுத்தனமாய்க் கொல்லை மணலில் அகரம் எழுதிக் காட்டினானே. நல்லவன். ரொம்ப நல்லவன். வாயும் உண்டு, மனசும் உண்டு. இன்னும் ஒன்று வேண்டுமே, அது உண்டா? தோப்பைத் தாண்டியிருப்பான். தலை கூசிற்று. கத்தி முதலில் எங்கே படும், நெற்றியிலா உச்சியிலா? அத்தையைக் கேட்டபோது, "ஜலம் தெளிப்பான், சில்லுனு இருக்கும், அப்புறம் ஒண்ணும் தெரியாதுடி கண்ணே" என்று சொல்லிவிட்டு அவளே தேம்பினாள். அவளுக்கு எடுத்தபோது பதிமூன்று வயசாம். பாலம். பாலத்தைத் தாண்டிவிட்டான். பிள்ளையார் கோவில். தெருவில் கிரீச் கிரீச்சென்று தோல் சத்தம் கேட்டது. செருப்பு இல்லை, பூட்ஸ்! இந்தத் தெருவில் பூட்ஸ் போடுகிறவர் யார் இருக்கிறார்? அண்ணா, வந்துட்டியாடா! கத்திவிட்டாளோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. பத்து நாளில் இந்த அழுகைதான் சுகமாக இருந்தது.

பூட்ஸ் சத்தம் வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை. "ஐயா, தஞ்சாவூர்லேருந்து வர்றேனுங்க. கச்சேரிச் சேவகன். குமாஸ்தா ஐயா இந்தக் கடுதாசியக் கையில குடுத்து வரச் சொன்னாங்க" என்றது முன்பின் கேட்டிராத ஒரு குரல். உறை கிழிபடுகிற சத்தம். மாமனார் எதையும் உரக்கத்தான் படிப்பார், கண் பார்த்ததை வாய் சொன்னால்தான் அவருக்கு அர்த்தமாகும். "மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்களுக்கு நாகநாதன் அநேக நமஸ்காரம். இன்று மகாராணியாரின் அந்திம ஊர்வல தினமாகையால், இவ்விடத்தில் துரையவர்கள் முன்னிலையில் நடக்கும் துக்கக் கூட்டத்தில் மகாராணியாரின் குணாதிசயங்களைத் தமிழில் வாசிக்கும்படி எனக்கே உத்தரவாகியிருக்கிறது. தட்டக்கூடிய உத்தரவு அல்ல. நாளை காலை வண்டியில் தவறாமல் வருகிறேன். தாங்கள் பெரிய மனது பண்ணி ஒரே ஒரு நாள் பொறுக்கவேண்டும்." "நாளைக்குப் பதினோராம் நாள். பத்தாம் நாள் காரியத்தை நாளைக்கு வைக்க நான் யாரு, பிரம்மாவா?" என்றார் மாமனார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. தையுவுக்குக் காதில் ஙொய் என்று ஒரு இரைச்சல். அப்பளம்தான். மூன்றாவது வேளை. அதற்குமேல் அவனால் முடியாது, அவன் அவ்வளவுதான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்று ஒரு மனசு. குற்றமில்லையா? நாசமாய்ப் போக! தொண்டை வலிக்கிறது என்று ஒரு பொய் சொல்லக்கூடாதா? வேறே ஒருத்தன் படிக்கக்கூடாதா? இந்நேரம் தஞ்சாவூரில் அங்கவஸ்திரத்தைச் சரிபண்ணிக்கொண்டு மேடை ஏறியிருப்பான். நல்ல குரல் அவனுக்கு, மணி மாதிரி இருக்கும். பதினெட்டு வயசில் விடிகாலையில் எழுந்து வந்த கதையைச் சொல்வான். பர்த்தாவைப் பிரிந்த பிறகு நாற்பது வருஷம் அந்தக் கறுப்பை மாற்றாத உத்தமி, விதவைகளின் துக்கத்தை அறிந்த தாய் என்று இழுத்து நிறுத்துவான். சபையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். துரை தலையை ஆட்டுவார். அந்த இடத்தில் அவனுக்கு என் ஞாபகம் வருமா? வரும். நிச்சயம் வரும். குரல் கொஞ்சம் கம்மும். ராணிக்காகக் கம்முகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். வெயில் எப்போது உரல்மேல் ஏறிற்று என்று அவள் பார்க்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் காசுமாலை சலசலத்தது. மாமியார். கதவைத் திறக்க மாட்டாள், சுமங்கலி இன்றைக்கு இவள் முகத்தில் விழிக்கக் கூடாது. கதவிடுக்கில் மாலை மட்டும் ஒரு கோடாக மின்னிற்று. "தையு, எழுந்திருடிம்மா. மனசைக் கல்லாக்கிண்டு எழுந்திரு. வீராசாமி காத்திண்டிருக்கான்" என்றாள். குரல் கட்டிப் போயிருந்தது. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவள், பத்து நாளாய்ப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அந்த மின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தையுவுக்கு அந்த ரகசியம் ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், அவர் மெட்ரிகுலேஷன் தேறின சந்தோஷத்தில் புதுசாய்ச் சீமைப் பவுன் காசு வாங்கிக் கோத்த மாலை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் காதில் சொன்னார்: "அம்மா கழுத்தைப் பார்த்தியோ? ரூபாயில இருக்கிற மாதிரி சின்ன வயசு ராணி இல்லை அது. புதுப் பவுன். கிழவியாகி முக்காடு போட்டிண்டிருக்கா. முப்பத்திரண்டு காசிலும் முப்பத்திரண்டு அறுத்தவ! தெரிஞ்சா அம்மா கிணத்துல விழுந்துடுவா. மூச்சு விடாதே." இரண்டு பேரும் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கும் தனக்கும் மட்டும் என்று பாக்கி இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதைச் செலவழித்துவிடலாமா? வேண்டாம் என்று நினைத்தாள். நினைக்கும்போதே வாய் பேசிவிட்டது. "அம்மா, மகாராணியும் அறுத்தவதான்." "என்னடி உளர்றே?" "உங்க கழுத்துல இருக்காளே, அவதான். முக்காடு தெரியறது பாருங்கோ. நாப்பது வருஷமா அறுத்தவ. முப்பத்திரண்டு காசுலேயும் அவளேதான். உங்க பிள்ளைதான் சொன்னார்." அந்தப் பக்கம் மாலை மறுபடி சலசலத்தது. பிறகு ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்க்கிற சிறு ஓசை. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. "அவனா சொன்னான்?" "உங்ககிட்ட சொல்லப்படாதுன்னார்." "எமகாதகன்" என்றாள் மாமியார், "வாயைத் திறந்தானா பாரு, படுபாவி." சிரித்தாளா, அழுதாளா, இரண்டும் கலந்து என்னவோ வந்தது. அப்புறம் ரொம்ப மெதுவாக, கதவில் வாயை வைத்துக்கொண்டு கேட்டாள். "அவ தலையை எடுத்துண்டாளா?" "இல்லேம்மா. கடைசி வரைக்கும் எடுத்துக்கல்லே." அதற்குப் பிறகு இருந்த மௌனத்தில் தையு ஒரு ஜன்மம் வாழ்ந்துவிட்டாள். கதவு திறக்கும். இவள் போய் மாமனாரிடம் சொல்வாள். என் பிள்ளை ஆசையாய் அளந்த மயிர், எடுக்க விடமாட்டேன் என்பாள். வீராசாமியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். மாமியாரின் மூச்சு கதவிடுக்கில் வந்து வந்து போயிற்று. "அவ ராணிடீ" என்றாள் கடைசியில். "நாம யாரு?"

நார்மடிப் புடவையைச் சுற்றிக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்தபடி கொல்லைப்புறம் போகும்போது மாமியார் அடுக்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். மாலையைக் கழற்றவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து அதன்மேல் போர்த்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் இருட்டுக்குப் பிறகு கொல்லை வெயில் கண்ணைக் குத்திற்று. முருங்கை பூத்திருக்கிறது, எப்போது பூத்தது? மாடு இவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலில் வாய் வைத்தது. பலகையில் உட்கார்ந்தாள். "தாயே, குனிஞ்சுக்கங்க, கண்ண மூடிக்கங்க" என்றான் வீராசாமி. சில்லென்றுதான் இருந்தது. அத்தை பொய் சொல்லவில்லை. ஆனால் அப்புறம் ஒன்றும் தெரியாது என்றாளே, அது பொய். எல்லாம் தெரிந்தது. கத்தி உச்சியில்தான் முதலில் பட்டது. காதோரம் வந்தபோது வரட்டு வரட்டென்று, வாசலில் யாரோ கோலத்தைக் காலால் தேய்க்கிற மாதிரி சத்தம். மடியில் விழுந்தது கனக்கவே இல்லை. அவ்வளவு நாள் தலையில் கனத்தது, விழுந்ததும் கனமே இல்லை. ஒரு சாண், இரண்டு சாண் என்று அவர் குரலில் எண்ணப் பார்த்தாள். இரண்டுக்குமேல் அவர் குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அத்தை குடம் குடமாய்த் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். தண்ணீர் தலையில் நிற்காமல் ஒரே ஓட்டமாக வழிந்து போயிற்று. பிறகு அத்தை வெற்றிலைத் தட்டைத் தரையில் வைத்து வீராசாமி பக்கம் தள்ளினாள். தட்டில் பச்சரிசி, பாக்கு, மேலே ஒரு ரூபாய். வீராசாமி ரூபாயை எடுத்து ஈரம் போக வேஷ்டியில் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தான். ரூபாயில் ராணிக்கு வயசே ஆகவில்லை. கிரீடத்துக்குக் கீழே கூந்தலை வழவழவென்று வாரி முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அதை வலது கண்ணில் ஒற்றினான், இடது கண்ணில் ஒற்றினான். "புண்ணியவதி, எங்கள ஆண்ட தாயி, போயிட்டியேம்மா" என்று விம்மினான். பொய்யில்லை, கண்ணீர் கன்னத்தில் இறங்கிற்று. தையு ஈரத் தலையோடு அவனையே பார்த்தாள். அவன் இவள் பக்கம் திரும்பவில்லை. இன்றைக்கு இவளை யாரும் பார்க்கக் கூடாது.